கெட்டிமேளம் கேட்டால் கவுண்டர் திறக்கும்

அரசாங்கக் கந்தோர் ஒன்றின் கொம்பியூட்டரை வேகமாக ஓடவைத்த குற்றத்தை நான் செய்திருக்கிறேன். வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தையில் ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்து, போட்டோக்கொப்பி, தட்டச்சு, கொம்பியூட்டர் திருத்தம் என்று பிழைக்கிறவன். பெயர் றொபேட். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பெப்ரவரி மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு ஒரு கரைச்சலும் வந்திருக்காது.

என் தங்கை பேர்ணடெற் எட்டு வருடம் மன்னாரில் படிப்பித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். புருஷன் நோர்வேயில். இருபத்தெட்டாம் திகதி காலை ஒன்பதரைக்குத் தூதரகத்தில் அவளுக்கு நேர்முகம். அன்றைக்கு அங்கே போய் நின்றால்தான் புருஷனிடம் போகலாம். ஆனால் அவளுடைய அடையாள அட்டையில் இருந்தது மன்னார் விலாசம். அந்த நாட்களில் மன்னார் விலாசத்தோடு கொழும்பில் வெளிக்கிடுகிறவர்கள் தூதரகத்துக்குப் போக முன்னம் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போவார்கள். அதற்கு ஒரே மருந்து வதிவு உறுதிப்படுத்தல் பணியகம் கொடுக்கிற கடிதம். 'இன்னார், இன்ன விலாசத்தில், இன்னாருடன் வசிக்கிறார்.' அவ்வளவுதான், ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஐந்தாம் திகதி விடிய ஏழு மணிக்கு நானும் அவளும் போய் வரிசையில் நின்றோம்.

எட்டரைக்குத் திறக்கும் என்று பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்று மொழியிலும் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு எங்கேயோ நாதஸ்வரம் மெல்லக் கேட்கத் தொடங்கியது. பக்கத்தில் கல்யாண மண்டபம் ஏதும் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "இப்பதான் மாப்பிளை அழைப்பு. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு" என்று சொல்லி, பையிலிருந்து இடியப்பப் பார்சலை எடுத்துப் பிரித்தா. பத்தேகாலுக்குக் கெட்டிமேளம் முழங்கியது. முழு வரிசையும் எழும்பிச் சேலையைத் தட்டியது.

"தாலி கட்டியாச்சு, வாங்கோ வாங்கோ" என்றா அந்த அம்மா. கவுண்டர் திறந்தது.

கவுண்டரில் இருந்தவர் பாலேஸ்வரி மிஸ். நல்ல மனுசி. விண்ணப்பத்தை வாங்கி, ஒரு முத்திரை குத்தி, இன்னொரு கட்டின் மேல் வைத்தார்.

"மூண்டு நாலு கிழமை செல்லும் தம்பி. கொம்பியூட்டர் ஸ்லோ."

"மிஸ், இருபத்தெட்டாந் திகதி தங்கச்சிக்கு நேர்முகம். இந்தக் கடிதம் இல்லாட்டி அவ அங்க போய்ச் சேர மாட்டா."

"எனக்கு விளங்குது. கொம்பியூட்டருக்கு விளங்கோணுமே."

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ், எனக்குக் கொம்பியூட்டர் வேலை தெரியும். அரை நாள் விட்டால் அதை நான் ஸ்பீடா ஓட வைச்சுத் தாறன். சல்லி ஒண்டும் வேணாம்" என்றேன்.

உள்ளே தட்டச்சுச் சத்தம் நின்றது. கடுதாசி புரட்டிக்கொண்டிருந்தவர் புரட்டிய கையோடு அப்படியே நின்றார். பாலேஸ்வரி மிஸ் எழும்பி, கோவிலுக்குள் கூட்டிப்போகிறவ மாதிரி என்னைப் பணிப்பாளரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பணிப்பாளர் நாகேந்திரம் ஹெவ்லொக் டவுன்காரர். கழுத்துப்பட்டிக்குத் தங்கக் கிளிப். என்னை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் நீளமாகக் கதைத்தார்.

"தம்பி, வேகம் வேகம் எண்டு எல்லாரும் சொல்லினம். இந்தப் பணியகத்தின்ரை கொள்கை என்ன தெரியுமோ? சமத்துவம். நாங்கள் சிங்களவன், தமிழன், முஸ்லிம் எண்டு பாக்கிறேல்லை. எல்லாரையும் ஒரே மாதிரித்தான் காக்க வைக்கிறம். போன வருசம் மேலிடத்திலை இருந்து வந்து பாத்திட்டு, இதுக்கெண்டே ஒரு கேடயம் தந்தவை." கேடயம் அவருக்குப் பின்னால் இருந்தது. "பன்னிரண்டு வருசமா இங்கையிருந்து ஒரு பிழையான கடிதம் வெளியிலை போனதெண்டு ஒருத்தன் சொல்லட்டும் பாப்பம். கடிதம் போனால்தானே பிழை போகும்?"

"ஓம் சேர்" என்றேன்.

"எண்டாலும் நான் முன்னேற்றத்துக்கு எதிரி இல்லை. ஒரு குழு போடுவம்."

வேக மேம்பாட்டு ஆலோசனைக் குழு என்று பெயர் வைத்தார்கள். ஏழு பேர். ஏழு பேரில் ஒருவரும் கொம்பியூட்டரைத் தொட்டது கிடையாது. அதனால் பக்கச்சார்பு இருக்காது என்று பணிப்பாளர் எனக்கு விளக்கினார். ஒரு கிழமை அவர்கள் கொம்பியூட்டர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு இருந்து, தேநீர் குடித்து, அதன் தாமதத்தை அவதானித்தார்கள். பிறகு அறிக்கை வந்தது. தாமதத்துக்கு முதற் காரணம் நாட்டின் தற்போதைய சூழ்நிலை. இரண்டாவது காரணம் பொதுமக்களின் பெயர்கள் அளவுக்கு மீறி நீளமாக இருப்பது. உதாரணமாக, சவுந்தரநாயகம் மரிய பேர்ணடெற் என்கிற விண்ணப்பதாரியின் பெயரைத் தட்டுவதற்கு மட்டும் கொம்பியூட்டருக்கு நான்கு நிமிடம் பிடித்ததாம். அரைவாசிப் பெயரைக் குறைத்துக்கொள்ளுமாறு அவளுக்கு ஒரு அறிவுறுத்தல். சவுந்தரநாயகம் எங்கள் அப்பா. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். கப்பலுக்கே பாரமாக இல்லாத பெயர், இவர்களுக்குப் பாரமாகப் போய்விட்டது.

"சேர், பேரிலை ஒண்டுமில்லை. உள்ளுக்கை மெமரி காணாது. ஒரு துண்டு வாங்கிப் போட்டால் சரி. நானே வாங்கித் தாறன்" என்றேன்.

"அன்பளிப்போ? அரசாங்கக் கந்தோர் சும்மா ஒண்டும் வாங்க ஏலாது தம்பி. லஞ்சம் எண்டு வரும்." யோசித்தார். முகம் மலர்ந்தது. "உபயமெண்டால் வாங்கலாம். மின்விசிறி, மணிக்கூடு எல்லாம் அப்பிடித்தான் வந்தது."

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் யாரோ ஒரு செட்டியாரின் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது. உபயம் என்றால் பெயர் பொறிக்க வேண்டும்; பொறிக்காவிட்டால் ஏற்க முடியாது. நான் பம்பலப்பிட்டியில் வாங்கிக்கொண்டு வந்த மெமரித் துண்டு என் சுண்டுவிரல் நீளந்தான். அதில் எழுதுவதற்கு இடம் எங்கே? அதையும் ஒரு கிழமை ஆராய்ந்தார்கள். கடைசியில் கொம்பியூட்டர் பெட்டியின் நெற்றியிலேயே மஞ்சள் பெயின்ற்றால் எழுதுவித்தார்கள்: 'உபயம். அமரர் சவுந்தரநாயகம் ஞாபகார்த்தமாக.' விண்ணப்பத்தில் நீளமாக இருந்த பெயர் பெட்டியில் சரியாக அடங்கியது.

இருபத்தாறாம் திகதி என்னைக் கொம்பியூட்டர் அறைக்குள் விட்டார்கள். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு போனேன். கந்தோரில் மனுசருக்கு ஒரு மின்விசிறி, கொம்பியூட்டருக்குக் குளிரூட்டி. பூப்போட்ட உறை, அதற்குக் குஞ்சம். அதை இயக்குகிறவர் பலீல். குளிரில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். தூசியும், இரண்டு பல்லி முட்டையும், ஒரு இஞ்சி பிஸ்கட் துண்டும் வந்தன. துடைத்து, மெமரியைப் போட்டு, இயக்கினேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வட்டுக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் அந்த நாதஸ்வரத்தின் ரகசியம் பிடிபட்டது.

வட்டு நிறையக் கல்யாணம். பணிப்பாளரின் மகளுடைய கல்யாணம். மூன்று கமராக்காரர் எடுத்த வீடியோ, ஒரு வெட்டுமில்லாமல். ஆயிரத்து எண்ணூறு படம். கொம்பியூட்டர் கண் விழித்தவுடன் வீடியோ தானாகவே ஓடும்படி செய்து வைத்திருந்தார்கள். அது மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தாலி கட்டு வரைக்கும் ஓடி முடிந்த பிறகுதான் கொம்பியூட்டர் வேறு வேலையைப் பார்க்கும். பொதுமக்களின் விண்ணப்பங்கள் இருந்த இடம் சந்தனக் கிண்ணத்துக்கும் பலகாரத் தட்டுக்கும் நடுவில் ஒரு மூலை.

"பலீல், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம ஈக்குமா? மகள் இப்ப மெல்பேர்ன்ல. காலையில வந்தொடன மகள்ட முகத்தப் பாக்கணும் எண்டு சேர் தான் போடச் சொன்ன."

"அப்ப ஏன் குழுவுக்குச் சொல்லேல்லை?"

பலீல் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முந்தி ஒருத்தர் இந்தக் கதிரையில ஈந்தார். மாப்புளட சித்தப்பாட ஒரே ஒரு போட்டோவ அழிச்சார். அதுவும் கண்ண மூடிக்கொண்டு நிண்ட போட்டோ. இப்ப அவர் இடமாற்றத்தில யான வேலிக்குப் பக்கத்தில ஒரு காட்டுக் கந்தோர்ல ஈக்கார். சொல்லி வேலில்ல."

நாளை மறுநாள் நேர்முகம். நான் நேரே பணிப்பாளரிடம் போனேன். பொய் சொல்லவில்லை, உண்மைக்குக் கொஞ்சம் சந்தனம் பூசினேன்.

"சேர், வட்டுக்குள்ளை விலைமதிக்க ஏலாத ஒரு பொருள் கிடக்கு. இந்தப் பழைய பெட்டி எந்த நேரமும் பழுதாகும். சனத்தின்ரை விண்ணப்பத்தைப் பற்றிக் காரியமில்லை. இது போச்செண்டால் திருப்பி எடுக்க ஏலுமே?"

அவருக்கு வியர்த்தது. "என்ன செய்யலாம்?"

"சீடீயிலை எழுதி இரும்புப் பெட்டகத்திலை வைப்பம் சேர். ஆவணக் காப்பகம் மாதிரி."

ஆவணக் காப்பகம் என்ற சொல் வேலை செய்தது. அன்று முழுநாளும் இருந்து எழுதினேன். பதினான்கு சீடீ. பெட்டகத்தில் இடம் போதாமல், பணியகத்தின் முத்திரையை எடுத்து வெளியே சன்னலில் வைத்தார்கள். பின்னேரம் வட்டைத் துப்புரவாக்கி, தேவையில்லாமல் தானாக ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தி, ஒழுங்குபடுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை எட்டரைக்குக் கொம்பியூட்டரை இயக்கினார்கள். எட்டு முப்பத்திரண்டுக்கு அது எழும்பி, என்ன வேலை என்று கேட்டது. பாலேஸ்வரி மிஸ் மணிக்கூட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கவுண்டரைத் திறந்தார். வெளியே நூறு பேர். ஒருவரும் அசையவில்லை.

"வாங்கோ, திறந்தாச்சு!"

"சும்மா இருங்கோ மிஸ், மேளம் இன்னும் அடிக்கேல்லை" என்றார் ஒருவர்.

"இண்டைக்கு மேளம் இல்லை!"

"என்ன, கலியாணம் நிண்டு போச்சோ?" என்று அந்த இடியப்ப அம்மா பதறினா.

பாலேஸ்வரி மிஸ் வெளியில் இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. நானும் பேர்ணடெற்றும் போய் ஐந்தாம் திகதி விண்ணப்பத்தைக் கேட்டோம்.

"அது பழைய வேகத்திலை போட்டது தம்பி. அது அந்த வேகத்திலைதான் வரும். புதுசா ஒண்டு போடுங்கோ."

போட்டோம். கடிதம் வந்தது. கீழே கொம்பியூட்டரே அடித்திருந்தது: விண்ணப்பம் கிடைத்தது 27.02.2007, மு.ப. 9.10. கடிதம் வழங்கியது 27.02.2007, மு.ப. 9.12. பேர்ணடெற் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொழுத்த வேண்டும் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. பதினொரு மணிக்கு வரிசையே இல்லை. உள்ளே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"என்ன அண்ணே செஞ்சு வெச்சீங்க?" என்றார் பலீல். "இனி அஞ்சு மணி மட்டும் நாங்க என்னத்தச் செய்ற?"

இருபத்தெட்டாம் திகதி காலை. ஓட்டோவில் போகிறோம். பாதி வழியில் சோதனைச்சாவடி. சார்ஜன்ட் பேர்ணடெற்றின் அடையாள அட்டையைப் பார்த்தார். மன்னார். நான் ராஜா மாதிரிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். சிங்களத்தில் ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு சிரித்து, என்னைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டார்.

"மல்லி, இந்தக் கந்தோரை எனக்குத் தெரியும். என்ட அம்மா ஊரில இருந்து வந்து ரெண்டு மாசம் இந்தக் கடிதத்துக்கு நிண்டா. அவ திரும்பி ஊருக்குப் போன பிறகுதான் வந்தது. பொலிஸ்காரன்ட அம்மாவுக்கு ரெண்டு மாசம். உனக்கு ரெண்டு நிமிசம்?"

"அய்யே, உண்மையா ரெண்டு நிமிசந்தான். கொம்பியூட்டரை நான்தான் திருத்தினனான்."

"போலி அடிக்கிறதெண்டாலும் ஆக்கள் நம்புற மாதிரி அடிக்க வேணாமா? நீ என்ன தொழில்?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன். "தட்டச்சு, போட்டோக்கொப்பி, கொம்பியூட்டர்."

"ஆ" என்றார் சார்ஜன்ட். ஓட்டோ பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பியது.

வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பேர்ணடெற் மடியில் தூதரகப் பத்திரங்களை வைத்துக்கொண்டு எதிர்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரை ஆனது. பத்தானது. நான் கெஞ்சிக் கூத்தாடி, பணிப்பாளருக்கு ஒரு கோல் எடுத்து விசாரிக்கச் சொன்னேன். சார்ஜன்ட் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க மரியாதையோடு நிமிர்ந்து நின்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பெரியவர் சொல்றார், ரெண்டு நிமிசத்தில கடிதம் குடுக்கிற மாதிரி ஒரு ஒழுங்கீனம் தன்ட கந்தோரில ஒருநாளும் நடந்ததில்லையாம். நடக்க விடவும் மாட்டாராம்."

எனக்கு அழுகை வந்தது. கவலையில் வருகிற அழுகை அல்ல, ஆத்திரத்தில் வருகிறது. அப்பாவின் பெயரை நெற்றியில் எழுதிய பெட்டி, என் கையால் துடைத்த பெட்டி, அதிலிருந்து வந்த கடிதத்தை அந்த மனுசன் தன்னுடையது இல்லை என்கிறான். பேர்ணடெற் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, கொஞ்சம் பிந்தி எடுத்திருக்கலாம்" என்றாள்.

ஓட்டோக்காரன் போய்ச் சொல்லி, மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பங்குத் தந்தை வந்தார். கையில், பேர்ணடெற் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவர் தன் பழைய தட்டச்சில் அடித்த ஒரு கடிதம். எழுத்துகள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்று பிழை, மூன்றையும் பேனையால் வெட்டியிருந்தது. சார்ஜன்ட் அதைப் பார்த்தவுடனே நம்பினார், எங்களை விட்டார்கள். தூதரகத்தில் புது நாள் தந்தார்கள். ஏப்ரல் நாலு.

அடுத்த நாள் பணிப்பாளருக்கு முன்னால் போய் நின்றேன். கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, இருங்கோ." அன்றைக்குத்தான் முதன்முறையாக இருக்கச் சொன்னார். "நேற்று மட்டும் ஆறு பொலிஸ் ஸ்டேசனிலை இருந்து கோல். எங்கடை கடிதத்தோடை போன முப்பத்தொரு பேரைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். பன்னிரண்டு வருசத்திலை முதல்தரம் எங்கடை கடிதத்தை ஒருத்தரும் நம்பேல்லை. ஒரு தாளுக்கு என்ன மதிப்பு? அதுக்காக மனுசன் நிண்ட நிலைதான் மதிப்பு. அதை நீர் ரெண்டு நாளிலை அழிச்சுப்போட்டீர்."

"சேர், நீங்கள் அது உங்கடை கடிதமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் எங்களையும் நம்பியிருக்க மாட்டாங்கள்" என்றார். மனுசன் அதை மனதாரச் சொன்னார்.

பெட்டகத்தைத் திறந்து பதினான்கு சீடீயையும் மேசையில் வைத்தார்.

நான் என்ன செய்ய? பேர்ணடெற்றுக்கு ஒரு கடிதம் வேண்டும், நம்பக்கூடிய கடிதம். காலைக் கழுவிக்கொண்டு போய்க் குளிரில் இருந்து, ஒவ்வொரு சீடீயாகக் கல்யாணத்தைத் திரும்ப ஏற்றினேன். மெமரித் துண்டைக் கழற்றத் தேவையில்லை, அது உபயம் என்றார்கள். அதனால் கொஞ்சம் வேகம் மிஞ்சிவிடுமோ என்று பயந்து, பணிப்பாளர், பேரப்பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்கு மெல்பேர்னில் எடுத்த வீடியோவையும் தந்தார். அதையும் ஏற்றினேன். முழுவதும் முடிந்து அடுத்த நாள் காலை இயக்கியபோது கெட்டிமேளம் பதினொன்றரைக்குத்தான் கேட்டது. வெளியே வரிசையில் கைதட்டினார்கள். இடியப்ப அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா.

விண்ணப்பம் கொடுத்தது மார்ச் இரண்டாம் திகதி. கடிதம் வந்தது முப்பதாம் திகதி. ஏப்ரல் நாலாம் திகதி அதே சோதனைச்சாவடி, அதே சார்ஜன்ட். இரண்டு திகதியையும் விரல் வைத்து வாசித்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"ஆ, இது அசல்" என்றார். கடிதத்தைப் பக்குவமாக மடித்து, சொந்தத் தங்கச்சிக்குக் கொடுப்பதுபோல் பேர்ணடெற்றிடம் கொடுத்தார். "கவனமா வைச்சுக்கொள்ளுங்க, நங்கி."

ஜூலை மாதம் பேர்ணடெற் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு கடைக்குக் கோல் எடுத்தாள். குளிர், புருஷன், வீடு எல்லாம் சொன்னாள். பிறகு குரலைக் குறைத்தாள்.

"அண்ணா, இண்டைக்கு இஞ்சத்தை பதிவுக் கந்தோருக்குப் போனனாங்கள். போய் இருந்து ரெண்டு நிமிசம் ஆகேல்லை, கவுண்டரிலை இருந்த பிள்ளை கடிதத்தை நீட்டுறா."

"பிறகு?"

"ஒரு மேளச் சத்தமும் கேக்கேல்லை அண்ணா. வாங்காமல் ஓடி வந்திட்டன். அவர் என்னோடை கோபம்."

கடையில் வேறு ஒருவரும் இல்லை. நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நல்ல வேலை செய்தாய்" என்றேன். "ஒரு மாசம் கழிச்சுப் போய் எடு."